கன்ட்ரோலர் ட்ரிஃப்ட் சரி பண்ண வடசேரி கடை ரிவ்யூ, கூடவே அடுத்த கன்சோல் பத்தி பெஞ்சுல நடந்த பேச்சு

மொதல்ல விஷயத்த சொல்லிடுறேன். வீடியோ கேம் கன்ட்ரோலர்ல கட்டை விரலால அசைக்கிற ஸ்டிக், நாம தொடாமலே தானா நகர்றதத்தான் ட்ரிஃப்ட்னு சொல்றது. நாகர்கோவில்ல அந்த ஸ்டிக்க மாத்தணும்னா வடசேரி பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு சந்துக்குள்ள ஒரு அண்ணாச்சி கடை இருக்கு, அங்க போங்க, நம்பி குடுக்கலாம். ரெண்டு ஸ்டிக்கையும் கழட்டி, காந்த சென்சார் உள்ள புது மாட்யூல் போட்டு, காலிப்ரேஷன் பண்ணி கையில தந்தாரு, 1,600 ரூபா வாங்குனாரு. மூணு மாசம் ஆச்சு, தெனமும் ராத்திரி ஒரு மணி நேரமாவது விளையாடுறேன், ஒரு நூல் அளவு கூட தானா நகரல. கடை பேரு போட வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு, ஒத்த ஆளா இருந்து பாக்குறாரு, இப்பவே வேல குமிஞ்சு கெடக்கு. வடசேரில எறங்கி பழைய ரேடியோ டிவி ரிப்பேர் பண்ற அண்ணாச்சி கடை எங்கனு கேட்டா காட்டித் தருவாங்க.

எனக்கு நடந்தத சொன்னாதான் இந்த கடைய நான் ஏன் இப்படி தலைல தூக்கி வச்சுக்கிறேன்னு புரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால எங்க அண்ணன் ஷார்ஜால இருந்து லீவுக்கு வந்தப்ப ஒரு கன்சோல், அதான் வீடியோ கேம் பெட்டி, கொண்டு வந்தான், திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல எறங்கி தக்கலை வர்ற வரைக்கும் மடியில வச்சே கொண்டு வந்தான், அம்மாவுக்கு வாங்குன பாதாமும் ஈச்சம்பழமும் டிக்கில கெடந்துச்சு, இது மட்டும் மடியில. நம்ம மாவட்டத்துல நிறைய வீட்டுல கன்சோல் வந்த கதை இதுதான், மாமாவோ மச்சானோ யாராவது ஒருத்தர் கல்ஃப்ல இருப்பாங்க. நின்டெண்டோ சாமானெல்லாம் கம்பெனியே நேரடியா இந்தியாவுல விக்கிறது இல்ல, ஒண்ணு இறக்குமதி பண்ற கடைல வாங்கணும், இல்லேனா கல்ஃப் பெட்டிக்குள்ள துணிக்கு நடுவுல வரணும். என் கன்சோல் எந்த கம்பெனிங்கிறது இங்க வேண்டாம், ஏன்னா இந்த பிரச்சனை ஒரு கம்பெனியோட நிக்குறது கெடையாது.

சரியா 14 மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் ஃபுட்பால் விளையாடிட்டு இருக்கேன், நான் கைய எடுத்துட்டேன், ஆனா என் மிட்ஃபீல்டர் மட்டும் பைய பைய கார்னர் கொடி பக்கமா நடந்து போறான். முதல்ல கேம்லதான் ஏதோ கோளாறுனு நெனச்சேன். வேற கேம் போட்டா கேமரா தானா வானத்த பாக்குது. ஒரு வாரத்துல மெனுல கூட நிக்க மாட்டேங்குது, நான் ஒண்ண தேர்ந்தெடுக்கப் போனா அது கீழ எறங்கி எறங்கி வேற எதுலயோ போய் நிக்குது. கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சேன், ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, பொறவு பழைய மாதிரியே. டெட்ஸோன் கூட்டி வச்சேன், அதாவது நடுவுல கொஞ்ச தூரம் ஸ்டிக் நகந்தாலும் கண்டுக்காதேனு கேமுக்கு சொல்றது, அப்படி வச்சா ட்ரிஃப்ட் தெரியாது ஆனா குறி பாத்து சுடுற கேம்ல சின்னதா நகத்தவே முடியாது, ஒண்ணு அசையாது இல்லேனா சடார்னு தாவும். விளையாட்டோட ருசியே போயிடுச்சு. கம்பெனி ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணேன், வெளிநாட்டுல வாங்குனதுக்கு இங்க வாரண்டி இல்ல, புதுசு வாங்கிக்கோங்கனு சொல்லிட்டாங்க. ஒரு துண்டு பிளாஸ்டிக்கும் ரெண்டு சென்சாரும் தேஞ்சதுக்கு மொத்த கன்ட்ரோலரையும் தூக்கிப் போடணுமானு எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற அக்காவோட பையன்தான் இந்த அண்ணாச்சி கடைய சொன்னான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். சின்ன கடை, ஒரு டேபிள், ஒரு பெரிய லென்ஸ் வச்ச லைட்டு, சோல்டரிங் அயர்ன், ஹாட் ஏர் மிஷின், செவுத்துல பழைய வால்வு ரேடியோ ரெண்டு. அண்ணாச்சிக்கு அம்பத்தஞ்சு வயசாவது இருக்கும், கேம் விளையாடத் தெரியாது, அதையும் அவரே சொல்லுவாரு. ஆனா கைல வாங்கி லேப்டாப்புல செருகி ஸ்டிக் டெஸ்ட் பண்ற பக்கத்த தொறந்து ரெண்டு தடவ சுத்தி விட்டாரு, உடனே "எடது கை ஸ்டிக்குல குறுக்கு வாட்டம் போயாச்சு, வலது இன்னும் கொஞ்ச நாள்ல போவும்"னு சொல்லிட்டாரு. நான் எதோ போட்டு அமுக்கிட்டேனோனு கேட்டேன். "இல்ல மோளே, நீ ஒண்ணும் கெடுக்கல, இந்த சாமான் தேயத்தான் செய்யும் கேட்டியா"னு சொல்லி என் கண்ணு முன்னாலயே கழட்டி காமிச்சாரு.

இந்த எடத்த கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா அடுத்த கன்சோல் பத்தி பேசுறவங்க யாருமே இத பேசுறதில்ல. ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் பக்கத்துல ரெண்டு குட்டி டப்பி இருக்கும், ஒண்ணு மேல கீழ பாக்க, ஒண்ணு எடம் வலம் பாக்க. அதுதான் பொட்டென்ஷியோமீட்டர். உள்ள கார்பன் பூசுன ஒரு சின்ன பாதை, அது மேல ஒரு உலோக நாக்கு உரசிக்கிட்டே போகும், நாக்கு எங்க நிக்குதோ அதுக்கு ஏத்த வோல்டேஜ் போகும், அத வச்சுதான் கன்சோல் நம்ம விரல் எங்க இருக்குனு கண்டுபிடிக்குது. அண்ணாச்சி சொன்ன உதாரணம் எனக்கு நச்சுனு ஏறிடுச்சு. "ஒங்க தாத்தா வீட்டு ரேடியோல வால்யூம் திருகுனா கரகரனு சத்தம் வருமே, அதே சாதனம்தான் இது, கொஞ்சம் சிறுசு." அவ்வளவுதான். அந்த கரகர சத்தம்தான் இங்க ட்ரிஃப்டா வருது. என் பழைய டப்பிய பிளேடால பொளந்து லென்ஸுக்கு அடியில காமிச்சாரு, கார்பன் பாதைல ரெண்டு ஓரமும் கரேர்னு இருக்கு, நடு எடம் மட்டும் தேஞ்சு பளபளனு கெடக்கு. நம்ம விரல் அதிகமா நடுவுலதான சுத்தி சுத்தி வருது, அதனால அங்கதான் முதல்ல தேயும், அங்க தேஞ்சா நடு எதுனே கன்சோலுக்கு தெரியாம போயிடும்.

சாமான பிரிச்சு பாத்து ரிப்பேர் பண்ண சொல்லித் தர்ற ஐஃபிக்ஸிட் ஆளுங்க 2021ல ஒரு கணக்கு போட்டாங்க. இந்த மாதிரி ஸ்டிக் மாட்யூலுக்கு தயாரிக்கிறவங்க சொல்ற ஆயுசு 20 லட்சம் சுத்து, வார்ஸோன் மாதிரி வேகமா கைய ஆட்டுற கேம் விளையாடுனா 417 மணி நேரத்துல அது தாண்டிடும்னு. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்னு வச்சா ஏழு மாசம். நம்ம ஆளுங்க லீவு நாள்ல விளையாடுற விளையாட்டுக்கு ஏழு மாசம் கூட தாங்காது. இது தெரிஞ்ச பொறவுதான் எனக்கு மனசு ஆறுச்சு, தப்பு என் கையில இல்ல, செஞ்ச விதத்துலதான்.

புதுசா அவர் போட்டது டி.எம்.ஆர். வகை. இதுல உரசுறதே கெடையாது. ஸ்டிக்கோட சேந்து நகர்ற ஒரு குட்டி காந்தம், எதிர்ல ஒரு சென்சார், காந்தம் நகரும்போது சென்சார் அத தொடாமலே கண்டுபிடிக்கும். ஹால் எஃபெக்ட்னு இன்னொரு வகையும் இதே மாதிரி காந்தத்த வச்சுதான் வேலை செய்யுது, டி.எம்.ஆர். அதவிட கம்மி கரண்ட் குடிக்கும், அதனால பேட்டரிக்கு நல்லது. இது ஒண்ணும் நேத்து கண்டுபிடிச்ச சமாச்சாரம் இல்ல, 1998ல வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்சோலோட கன்ட்ரோலர்லயே காந்தமும் ஹால் சென்சாரும் வச்சாங்க. இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் பெரிய கம்பெனிங்க உரசுற ஸ்டிக்கத்தான் பெட்டியோட தர்றாங்கங்கிறது எனக்கு நெஜமாவே கோவமா வருது.

மாத்துறது சுலபம்னு நெனச்சு யாரும் வீட்டுல கை வைக்காதீங்க. ஒரு ஸ்டிக் மாட்யூலுக்கு 14 எடத்துல ஈயம் வச்சிருக்கும், பதினாலையும் ஒண்ணா இளக்குனாதான் வெளிய வரும், அவசரப்பட்டு இழுத்தா போர்டுல இருக்குற செம்பு பேடு பிஞ்சு வந்துடும், அப்புறம் போர்டே குப்பை. அண்ணாச்சி ஃப்ளக்ஸ் தடவி, கொஞ்சம் புது ஈயம் சேத்து, ஹாட் ஏர் வச்சு பொறுமையா சூடு காட்டி, அவ்வளவு அழகா எடுத்தாரு, ஓட்டையெல்லாம் ஈயம் உறிஞ்சி சுத்தம் பண்ணிட்டு ஆல்கஹால் போட்டு தொடச்சாரு. மாட்டுன பொறவு முக்கியமான வேலை காலிப்ரேஷன், புது ஸ்டிக்கோட நடு எது, ஓரம் எதுனு கன்ட்ரோலருக்கு சொல்லிக் குடுக்கணும். ப்ரவுசர்ல ஓடுற ஒரு டூல வச்சு பண்ணாரு. வேற ஒரு கடைல மாத்துன ஒரு பையன் அன்னைக்கு அங்க வந்திருந்தான், அவனுக்கு ஸ்டிக் மாத்தி காலிப்ரேஷன் பண்ணாமலே குடுத்து விட்டுட்டாங்க, வட்டமா சுத்துனா ஸ்க்ரீன்ல கோணலா வருது. அண்ணாச்சி அவனுக்கு காலிப்ரேஷன் மட்டும் பண்ணி விட்டுட்டு காசே வாங்கல.

எனக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. அந்த ஒண்ணரை மணி நேரமும் வெளிய போட்டிருக்குற பெஞ்சுல உக்காந்து கெடந்தேன் பாருங்க, அதுதான் இந்த கடைல எனக்கு கெடைச்ச ரெண்டாவது லாபம். பக்கத்து டீக்கடைல இருந்து சாயாவும் பழம்பொரியும் வருது, தூத்தூர் பக்கத்துல இருந்து மூணு பசங்க ஒரு பை நிறைய கன்ட்ரோலரோட வந்திருக்காங்க, அவங்க ஊர்ல நெஜ ஃபுட்பாலும் பைத்தியம், கேம் ஃபுட்பாலும் பைத்தியம், ஒரே வீட்டுல கூடி டோர்னமென்ட் நடத்துவாங்களாம். கூட பார்வதிபுரத்துல இருந்து ஒரு காலேஜ் பையன். பேச்சு எங்க ஆரம்பிச்சுதோ தெரியல, அடுத்த கன்சோல்ல போய் நின்னுச்சு.

சோனியோட அடுத்த ப்ளேஸ்டேஷன், அதான் பிஎஸ் 6, எப்ப வரும், எவ்வளவு ஆகும்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். காலேஜ் பையன் எல்லாத்தையும் விரல் நுனில வச்சிருந்தான். 2025 அக்டோபர்ல சோனிக்கு ப்ளேஸ்டேஷன் வடிவமைக்கிற மார்க் செர்னியும் சிப்பு செய்யுற ஏ.எம்.டி. கம்பெனியோட ஜேக் ஹுயினும் சேந்து ஒரு வீடியோ போட்டாங்கள்ல, ரெண்டு கம்பெனியும் சேந்து பண்ற ப்ராஜெக்ட் அமெதிஸ்ட் பத்தி, ரேடியன்ஸ் கோர், நியூரல் அர்ரே, யுனிவர்சல் கம்ப்ரெஷன்னு சிப்புக்குள்ள வர்ற மூணு விஷயத்த விளக்குனாங்க, இன்னும் சில வருஷத்துல வரப்போற ஒரு கன்சோல்ல இதக் கொண்டு வர ஆசைனு செர்னியே சொன்னாரு. அது பிஎஸ் 6 இல்லாம வேற என்னனு இவன் கேக்குறான். மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ்காரங்களும் 2025 ஜூன்ல அடுத்த கன்சோலுக்கு ஏ.எம்.டி.யோடதான் சேர்றோம்னு அறிவிச்சுட்டாங்க. ரெண்டு பெட்டிக்குள்ளயும் ஒரே கம்பெனி சிப்பு. அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் இருக்கப் போகுது, கைல பிடிக்கிற கன்ட்ரோலர்லதான இருக்கப் போகுதுனு நான் கேட்டேன். "அக்கா சொல்றது கரெக்ட்டு"னு தூத்தூர் பையன் ஒருத்தன் உடனே என் பக்கம் வந்துட்டான்.

கன்ட்ரோலர் பத்தி ஆளாளுக்கு ஒரு கற்பனை. ஒருத்தன் ஸ்க்ரீன் வச்சு வரும்னான். ஒருத்தன் பட்டனே இருக்காது எல்லாம் டச்சுனான், அத கேட்டு மத்தவன் அடிக்கவே போயிட்டான். காலேஜ் பையன் பேட்டன்ட் படம் காமிச்சான். நான் பேட்டன்ட் படத்த பாத்து நம்ப மாட்டேன், சோனி எடுத்த ஒரு பேட்டன்ட் 2021ல வெளிய வந்துச்சு, கேமராவ வச்சு கைல இருக்குற சாதாரண பொருளையே கன்ட்ரோலரா மாத்துற ஐடியா, அதுல உதாரணத்துக்கு வாழப்பழத்த வரைஞ்சிருந்தாங்க. இத சொன்னதும் பெஞ்சே சிரிச்சுது, மட்டிப்பழம் கைக்கு பத்தாது, நேந்திரந்தான் கன்ட்ரோலருக்கு சரியா இருக்கும்னு அதுலயும் ரெண்டு கட்சி. ஆனா அந்த பழம் கடைக்கு வரலயே. கம்பெனிங்க நூறு விஷயத்துக்கு பேட்டன்ட் எடுத்து வைப்பாங்க, அதுல நம்ம கைக்கு வர்றது ஒண்ணு ரெண்டு.

லீக் ஆன படங்களும் அப்படித்தான். 2016 மார்ச்ல நின்டெண்டோ என்எக்ஸ் கன்ட்ரோலர்னு ஒரு படம் சுத்துச்சு ஞாபகம் இருக்கா, ஸ்விட்ச் கன்சோலுக்கு அப்ப இருந்த பேருதான் என்எக்ஸ், நீள்வட்டமா, பட்டன் இல்லாம முழுக்க ஸ்க்ரீனா, ரெண்டு ஸ்டிக் மட்டும் மேல முளைச்ச மாதிரி. உலகமே நம்புச்சு. கடைசில அது 3டி பிரிண்டர்ல செஞ்ச டூப்பு, வந்தது ஸ்விட்ச். கம்பெனியே மேடைல காமிச்சதும் மாறும், 2005ல ஈ3ங்கிற கேம் கண்காட்சில சோனி பிஎஸ் 3க்கு ஒரு பூமராங் மாதிரி வளைஞ்ச கன்ட்ரோலர காமிச்சாங்க, அடுத்த வருஷம் பாத்தா பழைய வடிவத்துலயே சிக்ஸாக்ஸிஸ்னு கன்ட்ரோலர் வந்துச்சு. அதனால படத்த பாத்து சண்ட போடுறதுல எனக்கு ஆர்வம் இல்ல. ஆனா ஒண்ணு, கன்ட்ரோலர்தான் முதல்ல வெளிய வரும்னு அந்த காலேஜ் பையன் சொன்னத நானும் நம்புறேன், பிஎஸ் 5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸ 2020 ஏப்ரல் 7ந்தேதியே காமிச்சுட்டாங்க, நாம எல்லாம் லாக்டவுன்ல வீட்டுல கெடந்த நேரம், பிஎஸ் 5 பெட்டிய ஜூன்லதான் கண்ணுல காட்டுனாங்க.

எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை குடுத்த கசிவு ஒண்ணு இருக்கு. 2023 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட்டோட கோர்ட்டு டாக்குமென்ட் எல்லாம் தெரியாத்தனமா வெளிய வந்துச்சு, அது யாரோ வரைஞ்ச படம் இல்ல, கம்பெனியோட சொந்த பேப்பரு. அதுல செபீல்னு பேரு வச்ச ஒரு புது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இருந்துச்சு, மாட்யுலர் தம்ப்ஸ்டிக், அதாவது கழட்டி மாத்துற மாதிரி ஸ்டிக்குனு அதுல தெளிவா போட்டிருந்துச்சு. கூடவே 2028க்கு அடுத்த கன்சோல்னு ஒரு திட்டமும். அது பழைய பேப்பர், நெறய மாறிடுச்சுனு அப்ப எக்ஸ்பாக்ஸ் தலைவரா இருந்த ஃபில் ஸ்பென்சர் அப்புறம் சொன்னாரு. மாறட்டும். அந்த ஒரு வரிய மட்டும் அவங்க மாத்தாம இருந்தா போதும். சோனி ஏற்கனவே 2023 ஜனவரில வந்த டூயல்சென்ஸ் எட்ஜ்ல ஸ்டிக்க மட்டும் தனியா இழுத்து எடுத்து புதுசு செருகுற மாதிரி பண்ணாங்க, ஈயமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், முன் மூடிய கழட்டி இழுத்தா வந்துடும். நல்ல வேலை. ஆனா அது விலை கூடுன கன்ட்ரோலர்ல மட்டும், உள்ள இருக்குறதும் அதே உரசுற கார்பன்தான். செய்யத் தெரியுதுல்ல, அத பெட்டியோட வர்ற சாதா கன்ட்ரோலர்ல செய்ங்கனுதான் கேக்குறோம்.

நின்டெண்டோ விஷயத்துல பெஞ்சுல எல்லாருக்கும் வருத்தம். ஸ்விட்ச்சோட வர்ற ஜாய்-கான் கன்ட்ரோலர்ல ட்ரிஃப்ட் உலகம் பூரா நாறி, கேஸ் வரைக்கும் போயி, 2020 ஜூன்ல அவங்க தலைவர் ஃபுருகாவாவே மன்னிப்பு கேட்டாரு. அதனால ஸ்விட்ச் 2 வர்றதுக்கு முன்னால ஒவ்வொருத்தரும் ஹால் எஃபெக்ட் கண்டிப்பா இருக்கும்னு அடிச்சு பேசுனோம், நானும்தான் பேசுனேன். 2025 ஏப்ரல்ல கம்பெனி ஆளே சொல்லிட்டாங்க ஹால் எஃபெக்ட் இல்லனு, ஜூன் 5ந்தேதி வந்த பொறவு ஐஃபிக்ஸிட் பிரிச்சு பாத்தா அதே பொட்டென்ஷியோமீட்டர். இத்தன கோடி பேரு கேட்டும் அதேதான்னா அடுத்து யார நம்புறது. தூத்தூர் பசங்க பையில இருந்ததுல நாலு ஜாய்-கான், நாலும் பழைய ஸ்விட்ச்சோடது, நாலும் இந்த வியாதிக்குத்தான் வந்திருந்துச்சு.

இதுல ஸ்டீம்னு கம்ப்யூட்டர் கேம் விக்கிற வால்வ்காரங்கள பாராட்டணும். 2025 நவம்பர் 12ந்தேதி ஸ்டீம் மெஷினோட புது ஸ்டீம் கன்ட்ரோலர அறிவிச்சப்ப டி.எம்.ஆர். ஸ்டிக்குனு நேரடியா சொல்லிட்டாங்க, பெருமையா சொன்னாங்க. 8பிட்டூ, குலிகிட், கேம்சர் மாதிரி சின்ன கம்பெனிங்க எல்லாம் காந்த ஸ்டிக் போட்டு கம்மி விலைல விக்கிறாங்க. அதனால விலை கட்டுப்படியாகலங்கிற பேச்சு எனக்கு இனிமே செல்லாது.

பேட்டரி பத்தி அண்ணாச்சி உள்ள இருந்துக்கிட்டே ஒரு வார்த்தை போட்டாரு. அவருக்கு பேட்டரி உப்பிப் போன கன்ட்ரோலரும் நெறய வருதாம். நான் ஐரோப்பா சட்டத்த சொன்னேன், 2027 பிப்ரவரி 18ல இருந்து அங்க விக்கிற சின்ன சாமான்ல இருக்குற பேட்டரிய வாங்குறவங்களே கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும். அடுத்த கன்சோல் எப்படியும் அதுக்கு அப்புறம்தான வரும், ஐரோப்பாவுக்கு ஒரு அச்சு நாகர்கோவிலுக்கு ஒரு அச்சுனு யாரும் செய்ய மாட்டாங்க, அப்ப நமக்கும் அது கெடைக்கும்ங்கிறது என் கணக்கு. அண்ணாச்சி சோல்டரிங் அயர்ன கீழ வச்சுட்டு "கொள்ளாம்"னாரு, நல்லாருக்குனு அர்த்தம். அப்புறம் "அப்டியே அந்த ஸ்டிக்கையும் சட்டத்துல சேத்தா என்ன"னு கேட்டாரு. அன்னைக்கு நாங்க பேசுன அம்புட்டு பேச்சுலயும் இதுதான் உருப்படியான பேச்சு.

அவர்கிட்ட நான் கத்துக்கிட்ட இன்னொண்ணு, நம்ம ஊருக்கே உள்ளது. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்துல இருந்து வர்ற கன்ட்ரோலர்ல சார்ஜிங் போர்ட்டுக்குள்ள பச்சையா பிடிச்சிருக்கும், உப்புக் காத்து செம்ப தின்னுடும். ஒரு டப்பால அப்படி பழுதான போர்ட்டா போட்டு வச்சிருக்காரு, காமிச்சாரு. கடலோரம் இருக்குறவங்க விளையாடி முடிச்சதும் கன்ட்ரோலர ஜன்னல் ஓரம் வைக்காம மூடி உள்ள டப்பால வச்சு, கூட ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்கனு சொன்னாரு, புது செருப்பு டப்பால வருமே அதே பொட்டலம். மழைக் காலம் நமக்கு ரெண்டு தடவ வருது, தக்கலைல கடல் காத்து அவ்வளவு இல்லேனாலும் ஈரம் ஈரம்தான், நானும் இப்ப அப்படித்தான் வைக்கிறேன்.

இப்ப மாத்துன ஸ்டிக் எப்படி இருக்குனு கேட்டா, முதல் ரெண்டு நாள் விரலுக்கு புதுசா இருந்துச்சு, பழசவிட கொஞ்சம் எறுக்கமா இருக்கு ஸ்ப்ரிங்கு, அப்புறம் பழகிடுச்சு. டெட்ஸோன சுத்தமா கொறைச்சு வச்சிருக்கேன், விரல லேசா அசைச்சாலே குறி நகருது, இத்தன நாள் இந்த கேம இப்படி விளையாடினதே இல்லையேனு தோணுச்சு. வட்டம் சுத்துனா டெஸ்ட் பக்கத்துல வட்டமாவே வருது. ஃபுட்பால்ல மிட்ஃபீல்டர் நிக்க சொன்ன எடத்துல நிக்கிறான்.

குறைனு பாத்தா கொஞ்சம் இருக்கு, அதையும் சொல்லணும். மூடிய நெம்பி எடுத்ததுல கைப்பிடி ஓரத்துல ஒரு சின்ன கீறல் விழுந்துடுச்சு, உத்து பாத்தாதான் தெரியும், ஆனா புது கன்ட்ரோலர் கொண்டு போறவங்க முன்கூட்டியே சொல்லிடுங்க, பாத்து எடுப்பாரு. எழுதி குடுக்குற வாரண்டி கெடையாது, ஆறு மாசத்துக்குள்ள என்ன ஆனாலும் கொண்டு வானு வாயால சொன்னதுதான், பில்லும் துண்டு பேப்பர்லதான். டி.எம்.ஆர். மாட்யூல் எப்பவும் இருக்காது, கூரியர்ல வரணும், கன்ட்ரோலர குடுக்குறதுக்கு முன்னால இருக்கானு ஒருக்கா கேட்டுக்கோங்க, இல்லேனா பழைய வகை போடவானு கேப்பாரு, அது வேண்டாம்னு சொல்லுங்க, நூறு இருநூறு கூடுனாலும் காந்தம் உள்ளதுக்கே காத்திருங்க. ட்ரிகர் பட்டனுக்குள்ள பழுதுனா அவர் தொடுறதில்ல, தெரியாத வேலைய தெரியாதுனு சொல்லிடுறாரு, எனக்கு அதுவும் பிடிச்சுது. மத்தியானம் ஒண்ணரைல இருந்து மூணு வரைக்கும் கடை பூட்டி கெடக்கும், ஞாயித்துக்கிழமை லீவு. சார்ஜிங் கேபிள் கூடவே கொண்டு போங்க, அவர்கிட்ட இருக்குற கேபிள்ல பாதி டேட்டா போகாது, டெஸ்ட் பண்ண லேட்டாகுது.

புது கன்சோல் வர்ற வரைக்கும் இப்ப கைல இருக்குற கன்ட்ரோலர தூக்கிப் போடாதீங்க. எங்க வீட்டுல ரெண்டாவது கன்ட்ரோலரும் ஒண்ணு சும்மா கெடக்கு, வலது ஸ்டிக் போயிட்டுதுனு அண்ணன் போன லீவுல அலமாரி மேல வச்சுட்டு போனது. மாட்யூல் வந்துட்டுனு அண்ணாச்சி நேத்து போன் பண்ணாரு, வர்ற சனிக்கிழமை கொண்டு போறேன், தூத்தூர் பசங்களும் அன்னைக்கு வருவாங்களாம்.